பழைய பெல்ஜியக் கல்லில் சவரக்கத்தி தீட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில், ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், பழைய பூட்டு, கைக்கடிகாரம், ரேடியோ பாகங்களுக்கு நடுவே சில நேரம் ஒரு சின்னக் கல் கிடக்கும். ஒரு பக்கம் வெளிர்மஞ்சள், மறுபக்கம் ஊதா கலந்த நீலம், மேலே யாரோ போட்ட தையல் மெஷின் எண்ணெய் கறுத்துப் படிந்திருக்கும். விற்பவருக்கு அது மலாயில் சொல்கிற வெறும் 'பாத்து ஆசா', அதாவது கத்தி தீட்டுகிற ஏதோ ஒரு கல். நேர்க்கத்தியில் சவரம் செய்பவர்களுக்கு அது பொக்கிஷம், ஏனென்றால் அப்படி இரண்டு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் பெல்ஜியத்து ஆர்டென் மலைப்பகுதியில், சால்ம் ஆற்றை ஒட்டிய வியல்சால்ம் வட்டாரத்தில் வெட்டியெடுத்த கோட்டிக்யூல் கல். அதில் ஸ்பெசார்ட்டின் என்ற கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். உருண்டை வாக்கில் இருக்கும் அந்த மணிகள் இரும்பைச் சுரண்டும், ஆனால் ஆழமாக இறங்காது. இந்தக் கல் தீட்டிய கத்தி கன்னத்தில் அவ்வளவு மென்மையாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

கல்லை வாங்கிவந்து கழுவி, கத்தியை வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "இது வேலைக்காகாது" என்று அலமாரியில் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். கல்லின் மேல் பழி போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்த கத்தியை மட்டும் அதில் வையுங்கள். அதாவது 8000 கல் வரை (எண் கூடக்கூட கல் நைசாகும்) ஒழுங்காகத் தீட்டி, வாரில், அதாவது கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல்பட்டையில், இழுத்து, ஒரு முறையாவது முகத்தில் போட்டுப் பார்த்து, சிரமமில்லாமல் வழித்த கத்தி. சந்தையில் கல்லோடு சேர்த்து வாங்கிய துருப்பிடித்த கத்தியில் அந்தக் கல்லைச் சோதித்தால், எது கல்லின் குறை, எது கத்தியின் குறை என்று கடைசி வரைக்கும் தெரியாது. இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரை மாற்றும் அன்றைக்கே அழுத்தத்தையும் கத்தி முதுகில் ஒட்டும் டேப்பையும் மாற்றாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கறுப்பு மார்க்கர் பேனா, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கண்ணாடிக் கடையில் கிடைக்கும் தடித்த கண்ணாடித் துண்டு, ஹார்ட்வேர் கடையில் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் கறுப்பு சேண்ட்பேப்பர் 400-ம் 1000-மும், சமையல் தராசு, அவ்வளவுதான்.

தராசு எதற்கு என்றால், கல் உண்மையிலேயே அந்தக் கல்தானா என்று பார்க்க. மஞ்சள் நிறத்தில் இருப்பதெல்லாம் கோட்டிக்யூல் ஆகிவிடாது. உலர்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுசாக மூழ்கும்படி, அடியிலோ ஓரத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. உலர்ந்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். சாதாரண ஸ்லேட் கல் 2.7, 2.8 என்ற அளவில் நிற்கும். ஸ்பெசார்ட்டினின் அடர்த்தி 4.2-ஐ ஒட்டியது என்பதால், அந்த மணிகள் நிறைந்த கல் ஸ்லேட்டைவிட நன்றாகவே கனக்க வேண்டும். பின்பக்கம் வேறு கல்லை ஒட்டியிருந்தால் கணக்கு கொஞ்சம் கீழே இறங்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி அறிகுறிகள்.

தண்ணீர் கல்லின் மேல் பரவாமல் முத்து முத்தாக உருள்கிறது

எண்ணெய்தான் காரணம். பழைய சொந்தக்காரர் எண்ணெய் போட்டுத் தீட்டியிருக்கிறார். அவர் செய்தது பாவமில்லை, கோட்டிக்யூல் எண்ணெயிலும் அறுக்கும், ஆனால் நீங்கள் தண்ணீரில் தீட்ட வேண்டுமென்றால் இது போகணும். பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கினால் மாற்றிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். இந்தக் கல் இறுக்கமானது, எண்ணெய் ரொம்ப ஆழம் போகாது, அதனால் மிச்சத்தைக் கண்ணாடி மேல் வைத்த சேண்ட்பேப்பர் எடுத்துவிடும்.

கொதிக்கவைக்கவே கூடாது. தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். பழைய கல்லில் மஞ்சள் அடுக்கும் கீழ் அடுக்கும் இயற்கையாகவே ஒட்டிப் பிறந்திருக்கலாம், அல்லது தொழிற்சாலையில் பசை போட்டு ஒட்டியிருக்கலாம். பசை என்றால் சூட்டிலும் தின்னரிலும் பிரிந்துவிடும். ஓரத்தை லென்ஸில் பார்த்தால் தெரியும்: இயற்கையான கூட்டு கொஞ்சம் நெளிந்து, நிறம் நிறத்துக்குள் கலந்து போகும், ஒட்டியது நேர்க்கோடாக, இடையில் மெல்லிய பழுப்புப் படலத்தோடு இருக்கும்.

கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது, கல் எதையுமே அறுக்கவில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான், இதற்குக் காரணம் நாலைந்து இருக்கும், அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் மார்க்கர். கத்தியின் வாயை ஒட்டி இரண்டு பக்கமும் மெல்லிய பளபளப்புப் பட்டை ஒன்று இருக்கும், அதைத்தான் பெவல் என்கிறோம். அதில் கறுப்பு மை பூசுங்கள். கத்தியைப் படுக்கப்போட்டு, முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி, அழுத்தாமல் நாலைந்து இழுப்பு கொடுத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். மை பட்டையின் மேல்பாதியில் மட்டும் அழிந்து, வாயின் ஓரத்தில் ஒரு கறுப்பு நூல் மாதிரி அப்படியே நின்றால், கல் வாயைத் தொடவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் முன்பு தீட்டியவர் முதுகில் எலெக்ட்ரிக்கல் டேப் ஒட்டித் தீட்டியிருப்பார். டேப் கோணத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடும். நீங்கள் டேப் இல்லாமல் வைத்தால் கல் பெவலின் மேல்விளிம்பை மட்டும் தேய்க்கும். அதே மாதிரி ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு மறுபடி மை பூசிப் பாருங்கள். இப்போது மை ஓரம் வரை அழிந்தால் கோளாறு தீர்ந்தது. கல்லை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மை முழுதும் அழிந்தும் கூர் ஏறவில்லையா? கல்லின் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி போல மினுங்கினால் முகம் பழைய இரும்புத்தூளிலும் எண்ணெயிலும் அடைபட்டிருக்கிறது. 400 பேப்பரைக் கண்ணாடி மேல் வைத்து, தண்ணீர் விட்டு, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு தேயுங்கள். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழியும் வரை தேய்த்தால் கல் மட்டமாகிவிட்டது. அப்புறம் 1000-இல் கொஞ்ச நேரம். மஞ்சள் அடுக்கு பழைய கற்களில் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும், அதனால் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தேய்க்காதீர்கள். ஓரங்களை லேசாக உருட்டிவிடுங்கள். கூரான ஓரம் கத்தியைச் சில்லாக்கும்.

கடைசியாக, வெறும் தண்ணீரில் இந்தக் கல் இயல்பாகவே மெதுவானது. வேகம் வேண்டுமென்றால் கல்பால் வேண்டும், அதாவது அதே வகைக் கல்லின் சின்னத் துண்டால் முகத்தை உரசினால் வருகிற பால் நிறத் தண்ணீர். அதில்தான் கார்னெட் மணிகள் உதிர்ந்து மிதக்கும். துண்டு கிடைக்கவில்லை என்றால் வைரத்தூள் பதித்த டைமண்ட் பிளேட்டின் மூலையால் உரசலாம். பால் சாம்பல் நிறமாகக் கறுக்க ஆரம்பித்தால் இரும்பு அறுபடுகிறது என்று அர்த்தம்.

பால் நன்றாகக் கறுக்கிறது, ஆனாலும் கத்தி மழுங்கலாகவே இருக்கிறது

இந்தக் கல்லின் ரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

கெட்டியான பாலில் மணிகள் சுதந்திரமாக மிதக்கின்றன. கத்தி வாய் முன்னே போகும்போது அந்த மணிகளில் நேருக்கு நேர் மோதுகிறது. ஒரு பக்கம் பெவலை அறுத்துக் கூராக்கும் அதே பால், இன்னொரு பக்கம் நுனியிலும் நுனியான அந்த ஓரத்தை மொட்டையாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை நேரம் தீட்டினாலும் கத்தி அதே இடத்தில் நிற்கும், முழங்கை முடியைக் கஷ்டப்பட்டு வழிக்கும், அவ்வளவுதான். கத்தி மட்டமானது என்றோ கல் போலி என்றோ இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கவிடுவது. கெட்டிப் பாலில் பெவல் முழுசாகப் படிந்த பிறகு, விரலை நனைத்து ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள், பத்துப் பதினைந்து சுற்று தீட்டுங்கள், மறுபடி இரண்டு சொட்டு. ஒவ்வொரு சொட்டுக்கும் அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டும் மிஞ்ச வேண்டும். கல்லில் இருக்கும் நீர் இப்போது மோர் நிறத்திலிருந்து வெறும் கலங்கல் தண்ணீராகி, அப்புறம் தெளிந்த தண்ணீராகும். தெளிந்த பிறகு கல்லையும் கத்தியையும் குழாயில் கழுவிவிட்டு, சுத்தமான தண்ணீரில் ஐம்பது சுற்று. இந்தக் கட்டத்தில் ஒரு மாற்றம் தெரியும்: ஆரம்பத்தில் கத்தி தண்ணீரின் மேல் மிதந்த மாதிரி போகும், கடைசியில் கல்லோடு ஒட்டிப் பிடித்து இழுக்கிற மாதிரி ஆகிவிடும், வாய்க்கு முன்னால் தண்ணீர் ஒரு மெல்லிய அலையாக ஏறி கத்தியின் மேல் வழியும். அது வந்தால் நல்ல குறி.

சில கற்கள் நீங்கள் உரசாமலேயே தானாகப் பால் விடும். சுத்தமான தண்ணீர் விட்டுப் பத்து இழுப்பு இழுத்ததும் கலங்கிவிட்டால் உங்கள் கல் அந்த வகை. இதில் கடைசிக் கட்டம் பாலிலேயே நடந்து முடிந்துவிடும், கூர் ஏறாது. அடிக்கடி கழுவுங்கள், அழுத்தத்தை இன்னும் குறையுங்கள். குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீருக்குக் கீழேயே கடைசிச் சுற்றுகளைத் தீட்டுவது நல்ல தீர்வு.

நீர்க்கவிடும் பக்குவம் பிடிபடவில்லையா? எளிமையான வழி ஒன்று உண்டு. கெட்டிப் பாலில் முழங்கை முடி வழிக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள், கல்லைக் கழுவுங்கள், முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள், வெறும் தண்ணீரில் முப்பது நாற்பது சுற்று மென்மையாகத் தீட்டுங்கள். டேப் கோணத்தை உயர்த்துவதால் கல் அந்த மொட்டையான ஓரத்தை மட்டும் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத சின்ன இரண்டாவது பெவலை உண்டாக்கும். தேய்க்க வேண்டிய இரும்பு மிகக் கொஞ்சம் என்பதால் மெதுவான தண்ணீர்க் கட்டமும் சீக்கிரம் முடிந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நடுவில் மட்டும் கூர், நுனியோ அடியோ தொடவே இல்லை

கல்லைச் சரிபாருங்கள், அப்புறம் கத்தியைப் பாருங்கள். கல் நடுவில் பள்ளமாகியிருக்கலாம், பென்சில் கட்டம் அதைச் சொல்லிவிடும். கல் மட்டம் என்றால், அகலம் ஒரு காரணம். பழைய சவரக்கற்கள் பல 2 அங்குலத்துக்கும் குறைவான அகலம், கத்தியின் வாய் ஏறக்குறைய 3 அங்குலம். நேராகத் தள்ளினால் ஒரு பகுதி எப்போதும் வெளியே நிற்கும். அடியில் ஆரம்பித்து, தள்ளிக்கொண்டே கத்தியைப் பக்கவாட்டில் இழுத்து நுனியில் முடியுங்கள், போகவும் வரவும் பெருக்கல் குறி போல.

அதுவும் செய்தாகிவிட்டது, ஒரு பக்கம் மட்டும் நடுவில் மை அழியாமல் நிற்கிறது என்றால் கத்தி வளைந்திருக்கிறது. கண்ணாடியில் படுக்கவைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடும். பழைய கத்திகளில் இது சர்வ சாதாரணம், பயப்பட வேண்டாம். அழுத்தி மட்டமாக்கப் பார்க்காதீர்கள். இழுக்கும்போதே மணிக்கட்டை மெல்ல உருட்டி, அடியிலிருந்து நுனிக்கு எடையை நகர்த்திக்கொண்டே போங்கள். இதற்குக் குறுகலான கல்தான் வசதி. அகலமான புதுக் கல்லில் திணறும் வளைந்த கத்தி, இந்த மாதிரி ஒன்றரை அங்குலக் கல்லில் சமர்த்தாகப் படியும்.

திடீரென்று ஒரு கரகரப்பு, பெவலில் ஒரே ஒரு ஆழமான கீறல்

உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது கல்லுடைய குறையே கிடையாது, மட்டமாக்கும்போது சேண்ட்பேப்பரிலிருந்து உதிர்ந்த மணல் கல்லின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ ஒளிந்திருந்து பாலில் கலந்திருக்கும். பல்துலக்கியால் ஆறு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள், கத்தியையும், உங்கள் கையையும், கல்லுக்கு அடியில் விரித்த துணியையும்.

கழுவிய பிறகும் அதே இடத்தில் கரகரப்பு வந்தால், கல்லை நாலு பாகமாக மனதில் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்திலும் சின்னச் சின்ன இழுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் நல்ல கத்தி வேண்டாம், வேண்டாத கத்தி ஒன்றை எடுங்கள். விரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவுங்கள். மஞ்சளில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, பார்க்கவும் அழகாக இருக்கும். கண்ணாடி மாதிரி வெள்ளையாக, நகத்தில் தட்டுப்படுகிற நரம்பு இருந்தால் அது குவார்ட்ஸ், அதுதான் கீறுகிறது. ஓரத்தில் இருந்தால் அந்த ஓரத்தை நன்றாக உருட்டித் தாழ்த்திவிடுங்கள். நடுவில் இருந்தால் அந்த முகத்தைச் சமையல் கத்திக்கு ஒதுக்கிவிட்டு மறுபக்கத்து நீலக் கல்லைப் பயன்படுத்துங்கள். இயற்கையாகக் கூடப் பிறந்த நீல அடுக்கென்றால் அதிலும் கார்னெட் உண்டு, மஞ்சளைவிட மெதுவாக அறுக்கும்.

முழங்கை முடியை வழிக்கிறது, முகத்தில் இழுக்கிறது

முழங்கை முடி மெல்லியது, 1000 கல்லில் வந்த கத்திகூட அதை வழிக்கும். அதை வைத்து கூரை அளக்க முடியாது. பெவலைச் சரிபார்க்கணும் என்றால் பாசாரில் வாங்கிய பழுத்த தக்காளி ஒன்று போதும். கத்தியை அதன் மேல் வைத்து, அழுத்தாமல் லேசாக இழுத்தால் தோலுக்குள் இறங்க வேண்டும், அடியிலும் நடுவிலும் நுனியிலும். எங்கேயாவது வழுக்கினால் கடைசிக் கல்லில் நேரத்தை வீணாக்காதீர்கள், 1000 கல்லுக்குத் திரும்பிப் போங்கள்.

தக்காளி சரி என்றால் அடுத்தது வார். வாரின் கான்வாஸ் பக்கத்தில் 30, தோல் பக்கத்தில் 50 சுற்று. முதுகு முன்னே போக, முதுகின் மேல் உருட்டித் திருப்பணும், வாயின் மேல் திருப்பினால் ஒரே நொடியில் தீட்டியதெல்லாம் போய்விடும். வாரைத் தொய்யவிடாதீர்கள், தொய்ந்த தோல் வாயை உருட்டிவிடும்.

வாரும் சரி என்றால், இந்தக் கல்லின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கோட்டிக்யூல் தரும் வாய் மென்மையானது, ஆனால் 12000 செயற்கைக் கல் தருகிற அளவுக்கு வெறியான கூர் தராது. தடித்த தாடிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அப்படி இருந்தால் 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு பூசிய வாரில் பத்துச் சுற்று கொடுத்துவிட்டு, சாதாரணத் தோலில் முடியுங்கள். அல்லது கடைசிச் சுற்றுகளைத் தண்ணீருக்குப் பதில் சவர நுரையில் தீட்டிப் பாருங்கள். நுரை கத்திக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு மெத்தையாக இருந்து வாயை இதமாக்கும். சவரம் செய்யும்போது கத்தி சுமார் 30 பாகைக்குச் சாய்ந்திருக்கிறதா, தோலை மற்றக் கை இழுத்துப் பிடித்திருக்கிறதா, தாடி வெந்நீரில் ஊறியதா என்பதையும் ஒரு முறை கவனியுங்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எவ்வளவு நல்ல கத்தியும் இழுக்கும்.

வாயில் பொடிப் பொடிச் சில்லு, தீட்டத் தீட்ட மறுபடி வருகிறது

நம் ஊருக்கே உரிய வியாதி இது. பினாங்கில் காற்று ஈரம் பெரும்பாலான நாள் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், கடல் வேறு பக்கத்தில். பல வருடம் சும்மா கிடந்த கத்தியின் வாயில் துரு வெளியே தெரியாமல் உள்ளே அரித்திருக்கும். பெவல் பளபளவென்று இருக்கும், லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். தீட்டும்போது அந்தப் புள்ளி ஓரத்தைத் தொடுகிற நேரத்தில் அங்கே ஒரு சில்லு உடைந்து விழும். கோட்டிக்யூலில் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் இதைத் தாண்ட முடியாது. 1000 கல்லில், புள்ளிகள் மறைந்து நல்ல இரும்பு வரும் வரை பெவலைப் பின்னுக்குத் தள்ளணும். புள்ளி ரொம்ப ஆழம் என்றால் அந்தக் கத்தியை அழகுக்கு வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுப்பதே நல்லது.

புள்ளி எதுவும் இல்லை, ஆனால் தீட்டி முடித்ததும் நன்றாக இருந்த வாய் வாரில் இழுத்ததும் உதிர்கிறது என்றால், அது அளவுக்கு மேல் தீட்டியதால் வந்த கம்பி வாய். ஓரத்தில் ஒரு மெல்லிய இரும்புப் படலம் ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கும். முதுகு முன்னே போகும்படி எதிர்ப்பக்கமாக இரண்டு மூன்று இழுப்பு கொடுத்து அதை எடுத்துவிட்டு, வழக்கமான திசையில் மிக லேசாக மறுபடி தீட்டுங்கள்.

உங்கள் கல் மஞ்சளும் இல்லை ஊதாவும் இல்லை, அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம்

அப்படியென்றால் மேலே சொன்ன பால் விஷயத்தை எல்லாம் மறந்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது முடிதிருத்துநர் கல், தொழிற்சாலையில் செய்தது. எட்வர்ட் அச்செசன் 1891-இல் சிலிக்கன் கார்பைடைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, அதற்கு வைத்த பெயரிலேயே தொடங்கிய கார்போரண்டம் கம்பெனியும் இவற்றைச் செய்தது. ஸ்வாட்டி என்று எழுத்துப் பதித்த கல்லும் சிலருக்குக் கிடைக்கும். அது அன்று மார்பர்க் என்றும் இன்று ஸ்லோவேனியாவில் மாரிபோர் என்றும் சொல்லப்படும் ஊரிலிருந்து வந்தது. இவற்றுக்குப் பால் வேண்டாம், தண்ணீரோ நுரையோ போதும். கடையில் வேலை நடக்கும்போது, மழுங்க ஆரம்பித்த கத்தியை நாலு இழுப்பில் மீட்டெடுக்கத்தான் இவை பிறந்தன. மழுங்கிய கத்தியை முழுசாகத் தீட்ட இவற்றை எடுத்தால் மேலே சொன்ன கம்பி வாய் நிச்சயம்.

டத்தோ கெராமட் பக்கம் ரொம்ப காலம் முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரிடம் இந்தக் கல்லைக் காட்டினேன். கையில் வாங்கியதுமே கட்டைவிரலால் அதன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நுரை போட்டு அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் அஞ்சு. அதுக்கு மேல போகாத தம்பி, கத்தியக் கெடுத்துரும்" என்றார். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டதற்கு, "இழுக்குதுன்னு கஸ்டமர் சொல்றதுக்கு முந்தின நாளு" என்றார்.

இந்தக் கற்களின் முகத்தைச் சும்மா சும்மா மட்டமாக்காதீர்கள். 400 பேப்பரில் தேய்த்தால் கல் முரடாகி, கீறல் ஆழமாக விழும். அவசியப்பட்டுத் தேய்த்தால் 1000 வரை ஏற்றி, வேண்டாத கத்தி ஒன்றால் நன்றாகத் தேய்த்துப் பழக்கிய பிறகே நல்ல கத்தியை வையுங்கள்.

கல்லைத் தட்டினால் டொக்கென்று சத்தம், ஓரத்தில் நீர்க்கோடு

கல்லை இரண்டு விரலில் தொங்கப் பிடித்து நகத்தால் தட்டுங்கள். முழுக் கல் தெளிவாக ஒலிக்கும். உள்ளே விரிசலோ அடுக்கு பிரிந்தோ இருந்தால் சத்தம் அடைத்த மாதிரி வரும். இன்னொரு சோதனை, நனைத்து மேலே துடையுங்கள்; முகம் உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. முகத்துக்குக் குறுக்கே போகாத விரிசலால் தீட்டுவதற்குத் தொந்தரவு இல்லை. அடுக்கு பிரிந்திருந்தால் முழுதும் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, ஒரு நாள் நன்றாக உலரவிட்டு, இரண்டு பாகம் கலக்கும் எபோக்சி பசையால் ஒட்டி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு மறுபடி மட்டமாக்க வேண்டியிருக்கும்.

ராத்திரி தீட்டிய கத்தி, காலையில் பெவலில் செம்புள்ளி

தீட்டி முடித்ததும் கழுவி, மெல்லிய துணியில் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைத்து, உலர்ந்த வாரில் சில சுற்று இழுங்கள், அதுவே மிச்ச ஈரத்தை எடுத்துவிடும். கைப்பிடிக்குள் கத்தி மடங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கே டிஷ்யூவை மடித்து நுழைத்து எடுங்கள். அப்புறம் மினரல் ஆயில், அதாவது குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில், ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் காறிப் பிசுபிசுத்துவிடும். கல்லில் வைப்பதற்கு முன் அந்த எண்ணெயை மறக்காமல் துடைத்துவிடுங்கள், கஷ்டப்பட்டு எடுத்த எண்ணெயை நாமே திரும்ப ஏற்றக் கூடாது.

குளியலறையில் கத்தியை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி, அறை அலமாரியில் வையுங்கள், உள்ளே போகும்போது கத்தி முழுசாக உலர்ந்திருக்க வேண்டும். கைப்பிடி பழைய செல்லுலாய்ட் என்றால் மட்டும் டப்பாவை மூடி வைக்காதீர்கள். அது சிதைய ஆரம்பித்தால் வெளிவிடும் ஆவி தன் கத்தியையும் பக்கத்தில் இருக்கிற கத்திகளையும் சேர்த்து அரிக்கும், அதனால் அந்த வகைக் கத்தியைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.